அடி ஃபேன் உள்ளே இழுக்கணுமா, வெளியே தள்ளணுமா?

செக்காலை சந்து:
வேற திரியில ஒரு மேதாவி எழுதியிருக்கார்: "செட்டிநாட்டு வீட்ல கூரை உசரம், தரை ஆத்தங்குடி ஓடு. என்ஆர்200 கம்ப்யூட்டர் பெட்டியை வளவுல தரையோட வச்சு, அடியில இருக்கிற ரெண்டு ஃபேனையும் வெளியே தள்ளுற மாதிரித் திருப்பிட்டா சூடு தரையில இறங்கிரும், சத்தமும் வராது." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்தப் பெட்டியில கிராபிக்ஸ் கார்டோட ஃபேன் கீழ பார்த்து இருக்கு. கீழருந்துதான் காத்தை இழுக்கும். அதுக்கு நேர் கீழ இன்னொரு ஃபேன் எதிர்ப்பக்கமா இழுத்தா கார்டுக்கு மிஞ்சுறது அது கக்கின சூட்டுக்காத்துதான். அடி ரெண்டும் உள்ளே. மேல உள்ள 120 மில்லிமீட்டர் ஃபேன் ரெண்டும், பின்னால உள்ள 92 மில்லிமீட்டர் ஃபேனும் வெளியே. முடிஞ்சது.

வளவு விசிறி:
அந்த மேதாவி நான்தான். பேர் சொல்லியே எழுதலாமே, என்ன பயம்? அடி ஃபேன் உள்ளே இழுத்தா 4070 கிராபிக்ஸ் கார்டு கக்குற 200 வாட் சூடு நேரா மேல ஏறி சிபியு கூலருக்குள்ள போகுது. 7800எக்ஸ்3டி சிபியுவுக்கு உச்சவரம்பே 89 டிகிரி. வெளியே தள்ளிப் பாருங்க, சிபியு சூடு இறங்கும். கார்டுக்குக் காத்து பக்கத் தகட்டு ஓட்டை வழியா வந்துக்கும்.

செக்காலை சந்து:
சிபியு இறங்கும், கார்டு ஏறும். பாதிக் கணக்கை மட்டும் சொல்றது உங்க வழக்கம்தான். கேம் ஓடும்போது அந்த சிபியு பெரும்பாலும் 50லருந்து 70 வாட்டுக்குள்ள நிக்குது. கார்டு 200. எதைக் காப்பாத்தணும்? சிபியு சூட்டுக்கு பயாஸ் போதும்: பிபிடிங்கிற மின்சார வரம்பை 162 வாட்லருந்து 88-க்கு இறக்குங்க, வோல்டேஜைக் குறைக்கிற கர்வ் ஆப்டிமைசர் மைனஸ் 20, சும்மா கிடக்கும்போது ரீஸ்டார்ட் ஆச்சுன்னா மைனஸ் 15. கார்டுக்கு ஆஃப்டர்பர்னர் மென்பொருள்ல கண்ட்ரோல் எஃப் அழுத்தி வோல்டேஜ் வளைவைத் திறந்து, 950 மில்லிவோல்ட் புள்ளியை 2600 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நிறுத்தி, அதுக்கு வலப்பக்கம் எல்லாத்தையும் தட்டையாக்குங்க. கேம் கிராஷ் ஆனா 30 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்க. இதெல்லாம் செய்யாம ஃபேனைத் திருப்புறாராம்.

தேவகோட்டைத் தம்பி:
அண்ணே, சத்தத்தைப் பத்தி யாரும் பேசலையே? வழுவழு தரை, வழுவழு சுண்ணாம்புச் சுவரு, எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். அதுல "கீ"ன்னு கேக்கிறது ஃபேனே இல்ல, காயில் வைன், கார்டுல உள்ள கம்பிச் சுருள் அதிர்ற சத்தம். கேம் மெனுவுல ஃப்ரேம் நொடிக்கு 400, 500-னு ஓடும்போது வரும். 120-ல பூட்டினா பெரும்பாலும் அடங்கிரும். ஃபேன் விட்டுவிட்டு ஏறி இறங்கினா பயாஸ்ல ஃபேன் வேகம் ஏறுறதைத் தாமதப்படுத்துற ஸ்டெப் அப் நேரம் 4, 5 விநாடி வைங்க. ரைசன் சிபியு சூடு ஒரு நொடியில குதிக்கும், ஃபேனும் கூடவே குதிக்க வேண்டாம்.

செக்காலை சந்து:
தம்பி, நல்லாத்தான் சொல்றீக. ஆனா கேள்வி அடி ஃபேன். அடி ஃபேன் உள்ளே இழுத்தா கார்டு ஃபேன் மெதுவாச் சுத்தும்; சுற்று பாதியானா சத்தம் சுமார் 15 டெசிபல் விழும். ஒண்ணு மட்டும் கவனிக்கணும். கார்டு தடிப்பா இருந்தா 25 மில்லிமீட்டர் ஃபேனை ஒட்டிச் சொருகாதீங்க, இறக்கைக்கு இறக்கை காத்து முட்டி உறுமும். 15 மில்லிமீட்டர் மெல்லிசு ஃபேன், நிமிஷத்துக்கு 1000 சுற்றுக்குக் கீழ.

வளவு விசிறி:
உள்ளே இழுத்தா நம்மூரு செம்மண் புழுதி பூரா கார்டுக்குள்ள. வெளியே தள்ளினா அந்தத் தொல்லையே இல்ல. யோசிக்கலையோ?

செக்காலை சந்து:
அடி, மேல, பின்னாடி அஞ்சும் வெளியே தள்ளினா பெட்டிக்குள்ள அழுத்தம் குறையும். அப்ப வடிகட்டி இல்லாத ஒவ்வொரு சந்து வழியாவும், பின்பக்க யுஎஸ்பி ஓட்டை வழியாவும்கூட புழுதி உள்ள வரும். உள்ளே இழுத்தா அடி வடிகட்டியைக் கழுவுறதோட வேலை முடிஞ்சுது. பவர் சப்ளை ஃபேன் விவகாரத்துலயும் இப்படித்தான் அடிச்சு விட்டீங்க, மறக்கல.

கண்டனூர்க்காரர்:
சூடு தரையில இறங்குமாம்! ஆத்தங்குடி ஓடு கண்ணாடி மேல சாயம் ஊத்தி, சிமெண்டும் மணலும் போட்டு வார்க்கிறது. அதுவா 200 வாட் காத்தைக் குடிக்கப் போகுது? தரைக்கு மோதி அதே காத்து பக்க ஓட்டை வழியாத் திரும்ப ஏறும். எந்தத் திசையானாலும் 30 மில்லிமீட்டர் ரப்பர் கால் போடுங்க. வடிகட்டியைத் தூக்கிக் கடாசுங்க, அது காத்தை நெரிக்குது.

செக்காலை சந்து:
வடிகட்டியைக் கழட்டச் சொல்றவர் எந்தக் கட்சி? எனக்கு ஆதரவா வந்து என் காலையே வாரி விடாதீங்க.

கண்டனூர்க்காரர்:
உங்க கட்சிக்கு நான் எப்ப வந்தேன்?

வளவு விசிறி:
சண்டையை அவங்களுக்குள்ளயே போட்டுக்கிறாங்க. நான் சொல்றது ஒண்ணுதான்: வெளியே தள்ளினா சிபியு 72 டிகிரி.

செக்காலை சந்து:
அறை எத்தனை டிகிரி? அதைச் சொல்லாம 72-னா என்ன கணக்கு? 22 டிகிரி அறையில எடுத்த எண்ணைச் சித்திரையில 36 டிகிரி வளவுக்குக் கொண்டுவந்தா 14-ஐ அப்படியே கூட்டணும். எல்லா ஃபேனையும் 900 சுற்றுல பூட்டி, ஒரே காட்சியை அரை மணி நேரம் ஓட்டி, காத்து நுழையிற இடத்துல தெர்மாமீட்டர் வச்சு, கார்டோட ஹாட்ஸ்பாட், அதாவது உள்ளே ரொம்பச் சூடான இடத்தோட எண்ணைப் போடுங்க. சிபியு வேண்டாம், கார்டு.

வளவு விசிறி:
கூரை உசரம்னு முதல்லயே சொல்லிட்டேன். சிபியு 72.

செக்காலை சந்து:
கூரையை யாரு கேட்டா? கார்டு எத்தனை?

தேவகோட்டைத் தம்பி:
அண்ணே, மேல ரெண்டு ஃபேனையும் கழட்டிட்டுப் பின்னால உள்ள ஒண்ணை மட்டும் வச்சா?

செக்காலை சந்து:
தனித் திரி போடுங்க தம்பி. இங்க அடி ஃபேன் மட்டும்.