கர்ணன் வருவதற்குள் கிளம்பிவிட்டேன்

பழைய நிருபர்:

கலைச் செய்தி சேகரிக்கப் போன இடத்தில் மறக்க முடியாத மனிதர் யார் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அவர் செய்யாறு பக்கத்தில் கர்ணன் வேடம் கட்டிய ஒரு கூத்துக் கலைஞர்.

1990களின் நடுவில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். ஜமாபந்தி, சாலை விபத்து, குடிநீர் மறியல், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். செய்தியைத் தாளில் எழுதி, பிலிம் சுருளோடு கவரில் போட்டு, வேலூர் போகும் பஸ்ஸின் நடத்துநரிடம் கொடுத்தனுப்புவோம். இரவு எட்டரை மணிப் பஸ்ஸை விட்டால் மறுநாள் இதழில் இடம் கிடையாது. கூத்தில் களரி கட்டுவதே, அதாவது மேளதாளத்தோடு தொடங்குவதே, பத்து மணிக்கு மேல்தான்.

அந்த ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருந்தது. பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அன்று கர்ணன் போரில் மடியும் கர்ண மோட்சம். ஏழு மணிக்கே போய், கொட்டகையில் வெறும் முகத்தோடு பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களைப் படமெடுத்தேன். "விடிய விடிய நடந்த கூத்தைப் பொதுமக்கள் திரளாகக் கண்டு ரசித்தனர்" என்று எழுதிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நடக்காததை நடந்ததாக எழுதுகிறோம் என்ற உறுத்தலே அன்று இல்லை.

துரியோதனன் வீழ்வதை நடத்திக் காட்டும் படுகளத்தன்று காலை மறுபடி போனேன். மண்ணில் செய்த துரியோதனன் திடலை அடைத்துக்கொண்டு கிடந்தான். டீக்கடையில் ஒருவர் என்னைக் கைகாட்டி அழைத்தார். சட்டைப் பையிலிருந்து செய்தித்தாள் துண்டை எடுத்து மடிப்பைப் பிரித்தார்.

"தம்பி, இந்தப் படத்தில் இருப்பது நான். கர்ணன் நள்ளிரவு தாண்டித்தான் வந்தார். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்."

குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் அதே வேடம் கட்டுவதாகச் சொல்லி, வரச் சொன்னார்.

போனேன். இம்முறை கவர் எதுவும் அனுப்பவில்லை. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர் கைக்கண்ணாடியைப் பார்த்து, ஈர்க்குச்சியால் மீசையின் வளைவை இழுத்தார். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய புஜ அணிகளை ஒருவர் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டினார். கிரீடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தலையில் வைத்தார். அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் முதலில் சலங்கைதான் கேட்டது. பிறகு பாட்டு. போருக்குப் போக விடைகேட்டு மனைவி பொன்னுருவியிடம் அவர் நின்ற இடத்தில், எனக்குப் பக்கத்தில் இருந்த மூதாட்டி, "போகாதே சாமி, போகாதே" என்று வாய்விட்டுச் சொன்னார். கிழக்கு வெளுக்கும்போது, புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்டு அந்தண வடிவில் கண்ணன் வந்தான். வியர்வையில் அரிதாரம் கரைந்து கழுத்துவரை செந்நிறமாக வழிந்திருந்தது. எட்டு மணிக்குக் கிளம்பிப் போகிறவனுக்கு அந்த முகம் கிடைக்காது. கூத்துப்பட்டறையைத் தொடங்கிய நாடகாசிரியர் ந. முத்துசாமி போன்றவர்கள் கூத்தில் எதைக் கண்டு அதன் பின்னே போனார்கள் என்பது எனக்கு அந்த விடியலில்தான் விளங்கியது.

இன்று செய்தி கைப்பேசியில் பறக்கிறது. ஆனாலும் கூத்துச் செய்தி பெரும்பாலும் குத்துவிளக்கு ஏற்றியதோடும் சிறப்பு விருந்தினர் பெயரோடும் முடிந்துவிடுகிறது. இது எனக்கு ஆறவே இல்லை.

*

காஞ்சிபுரம் செய்தியாளர்:

ஐயா, என் அனுபவம் 2020-இல். மார்ச் 25 முதல் ஊரடங்கு. பங்குனியிலிருந்து ஆடி வரைதான் கூத்துக்காரர்களின் பிழைப்பு என்பது தெரிந்ததால், ஒரு ஜமா (கூத்துக் குழு) வாத்தியாரைத் தொலைபேசியில் அழைத்தேன். வாங்கிய முன்பணத்தை ஊர்க்காரர்கள் திருப்பிக் கேட்பதையும், நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை இல்லாத இளைஞர்கள் கட்டட வேலைக்கும் போக முடியாமல் இருப்பதையும் ஒரு மணி நேரம் விளக்கினார். கடைசியில், "அம்மா, என் பெயரைப் போட வேண்டாம். பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம்" என்றார்.

பெயரும் படமும் இல்லாமல் ஆசிரியர் குழு ஏற்கவில்லை. அவர் பெயரைக் கொடுத்திருந்தால் முதல் பக்கத்திலேயே வந்திருக்கும். நான் கொடுக்கவில்லை; செய்தியும் வரவில்லை. அந்த வருடம் நான் எடுத்த முடிவுகளில் இதைப் பற்றித்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

பழைய நிருபர்:

நீங்கள் செய்ததுதான் சரி, அம்மா. அவர் உங்களை நம்பித்தானே ஒரு மணி நேரம் பேசினார்?

விடியலில் நான் எடுத்த படமும் இதழில் வரவில்லை, பழைய செய்தி என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பிரதி போட்டு அவர் வீட்டில் கொடுத்தேன். அரிதாரம் வழிந்த அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவர்தான்" என்றார்.