ஜனவரியில் லாவோஸ், ஹோ சி மின் தடம், மூணு வாரம்: திட்டம் சரிதானுங்களா?

ஈரோடு_மண்ரோடு:
வணக்கங்க. நானும் சிநேகிதரும் ஜனவரியில லாவோஸ் போறோம், ஹோ சி மின் தடத்துல (வியட்நாம் போர்ல வட வியட்நாம் தெற்கே ஆளும் ஆயுதமும் அனுப்பின காட்டு வழி) பைக் ஓட்டறதுக்கு, மொத்தம் 20 நாள். வியந்தியான்ல ஆரம்பிச்சு தெற்கே தாகேக், அப்புறம் புவலாபா, செபோன், தாஓய், சாலவான் வழியா பாக்சே. நாளைக்கு 250 கிலோமீட்டர்னு கணக்குப் போட்டிருக்கோம். சொந்த ஹிமாலயன் பைக்கை மணிப்பூர், மியான்மர் வழியா ஓட்டிட்டுப் போக முடியுங்களா? வாடகைன்னா எந்த வண்டி? சாமான் என்னென்ன? பர்கூர், தாளவாடி மலையில ஓட்டிப் பழக்கம் உண்டு. ஆத்துல இறங்கினது கிடையாது.

கோபி_கிளட்ச்:
சொந்த வண்டியை மறந்துடுங்க தம்பி. 2021 பிப்ரவரியில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் மியான்மர் நிலவரம் வேற, அந்த வழியை நம்பித் திட்டம் போட முடியாது. விமானத்துல போய் வியந்தியான்ல வாடகைக்கு எடுங்க.

ஆர்டிஓ ஆபீஸ்ல சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கோணும். 4ஏ படிவம், 1000 ரூபா, ஒரு வருஷம் செல்லும். அதுல கியர் வண்டி வகுப்பு இருக்குதான்னு பார்த்து வாங்குங்க. பயணக் காப்பீட்டுல இருசக்கர வண்டிக்கு சிசி வரம்பு போட்டிருப்பாங்க, சின்ன எழுத்தையும் படிங்க. பெரிய அடின்னா அங்கிருந்து தாய்லாந்துக்குத்தான் கொண்டு போவாங்க. அதனால பாலிசி தாய்லாந்துலயும் செல்லோணும்.

வாடகைக் கடையில பாஸ்போர்ட்டை அடமானமாக் கேட்பாங்க. முடிஞ்சவரை பணமாக் கட்டுங்க, லாட்ஜ்ல பாஸ்போர்ட் வேணும். வண்டியில இருக்கற கீறலையெல்லாம் கடைக்காரர் எதிர்லயே படம் எடுத்து வெச்சுக்குங்க.

250 கிலோமீட்டர் 13ஆம் நம்பர் தார் ரோட்டுக்குச் சரி. வியந்தியான்ல இருந்து தாகேக் சுமார் 340, அதை ரெண்டு நாளாப் பிரிங்க. அங்க வலது பக்கம் ஓட்டோணும், காலையில டீ குடிச்சுட்டுக் கிளம்பற முதல் வளைவுலதான் கை பழைய பக்கம் இழுக்கும். புவலாபா தாண்டினா நாளைக்கு 80 முதல் 100 போதும். ஜனவரி நல்ல தேர்வுங்க. நவம்பர்ல ஆத்துல தண்ணி இன்னும் நிக்கும், மார்ச்ல காட்டை எரிக்கற புகை.

உக்கடம்_ஸ்பேனர்:
வண்டி ஹோண்டா சிஆர்எஃப் 250 எடுங்க. டேங்க் 8 லிட்டருக்கும் கம்மி, 200 கிலோமீட்டர்தான் நம்பலாம். கிராமத்துல பாட்டில்ல பெட்ரோல் விப்பாங்க, துணியில வடிகட்டி ஊத்துங்க. கிக்கர் கிடையாது. பேட்டரி நல்லா இருக்குதான்னு கடையிலயே பாருங்க.

ஆத்துல வண்டியை விடறதுக்கு முன்னால ஒருத்தர் நடந்து போய்ப் பாக்கோணும். முழங்காலுக்கு மேல தண்ணியோ, காலை இழுக்கற ஓட்டமோ இருந்தா ஓட்டாதீங்க. படகு இருந்தா காசு கொடுத்து ஏத்திட்டுப் போயிருங்க.

வண்டி தண்ணிக்குள்ள சாஞ்சா உடனே கில் சுவிட்சை அமுக்கி எஞ்சினை நிறுத்துங்க. ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா அது காத்து மாதிரி அமுங்காது, பிஸ்டனைத் தாங்கற கனெக்டிங் ராடு வளைஞ்சுரும், பயணம் அங்கேயே முடிஞ்சுது. கரைக்கு இழுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழட்டுங்க. பின் சக்கரத்துல நிமித்தி நிறுத்தி சைலன்சர் தண்ணியைக் கொட்டுங்க, ஏர் ஃபில்டரைப் பிழிஞ்சு காய வைங்க. பிளக் இல்லாம ஸ்டார்ட்டரைச் சித்தெ நேரம் சுத்துனா மிச்சத் தண்ணி பீச்சியடிக்கும். ஆயில் பால் காபி நிறத்துல இருந்தா மாத்தோணும், ஒரு தடவைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர். பத்து நிமிஷம் ஓடவிட்டு மறுபடி மாத்துங்க. அலசறதுக்குக் கிராமத்துக் கடையில கிடைக்கற மலிவு ஆயிலே போதும்.

சாமான்: முன் சக்கரத்து 21 அங்குல டியூப் ரெண்டு (அவசரத்துக்கு 18 அங்குலப் பின் சக்கரத்துலயும் போடலாம்), கிளட்ச் கேபிள், கிளட்ச் பிரேக் லீவர் ரெண்டும், பிளக், 520 அளவு செயின் லிங்க், டயர் லீவர் மூணு, பம்பு. பஞ்சர் சொல்யூஷன் பிரிக்காத சின்ன டியூபா ரெண்டு, பிரிச்சது அந்த வெக்கையில காஞ்சுரும். இரும்புப் பெட்டி வேண்டாம், விழுந்தா காலை நசுக்கும். துணிப் பை, மொத்தம் 15 கிலோவுக்குள்ள.

பொள்ளாச்சி_தடம்:
ஸ்பேனர் அண்ணா சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். பழக்கமில்லாதவங்களுக்கு ஹோண்டா வேவ் மாதிரி சின்ன வண்டியே நல்லது. எந்த ஊர்லயும் பாகம் கிடைக்கும், ரெண்டு பேரா சேத்துல இருந்து தூக்கிரலாம். ஆழத்துல போகாது, அது உண்மைதான்.

யாரும் சொல்லாத விஷயம் குண்டு. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா லாவோஸ் மேல 20 லட்சம் டன்னுக்கு மேல குண்டு போட்டுது. நீங்க போற தடம்தான் அதுல ரொம்ப அடிபட்ட பகுதி. கொத்துக் குண்டுக்குள்ள இருந்த சின்னக் குண்டை அங்க 'பாம்பி'ங்கறாங்க. டென்னிஸ் பந்து அளவு, துரு ஏறி மண் நிறத்துல கிடக்கும். அதனால சக்கரம் பதிஞ்ச தடத்தை விட்டு இறங்காதீங்க, ஒண்ணுக்குப் போறதுக்கும் ரோட்டு ஓரமே போதும். வழியில மரம் விழுந்து கிடந்தாப் புதரைச் சுத்திப் போகாம மரத்தை வெட்டுங்க, இல்லைன்னாத் திரும்புங்க. தரையில தீ மூட்டவே கூடாது. புதைஞ்சு கிடக்கறது சூட்டுல வெடிச்சு ஆள் செத்திருக்காங்க. ராத்திரி கிராமத்துலயே தங்குங்க.

ஈரோடு_மண்ரோடு:
ரொம்ப நன்றிங்க. தூரத்தைப் பாதியாக் குறைச்சாச்சு. மண்ணுல டயர் காத்து எவ்வளவு வெக்கறதுங்க? பஞ்சர் ஒட்டறப்போ லீவரால டயர் விளிம்பு ரிம்ல இருந்து இறங்கலைன்னா?

உக்கடம்_ஸ்பேனர்:
18 முதல் 20 பிஎஸ்ஐ. அதுக்குக் கீழ போனா கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல டியூப் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். ஒண்ணை மட்டும் ஒட்டிட்டு மாட்டாதீங்க, ரெண்டாவதையும் தண்ணியில முக்கித் தேடுங்க. விளிம்பு இறங்கலைன்னா சக்கரத்தைப் படுக்கப் போட்டு, ரிம்மை ஒட்டி டயர் மேல அடுத்த வண்டியோட சைடு ஸ்டேண்டை வெச்சு வண்டியைச் சாய்ங்க. இறங்கிரும்.