காற்று லோடு கேஸில் பக்கவாட்டு ரியாக்‌ஷன் வரவே இல்லை, அவசரம்

போர்ட்டல்6: ஷெட் ஃப்ரேமோட கம்ப்யூட்டர் மாடல். காற்று கேஸ் (காற்று லோடு மட்டும் வர்ற கணக்கு) ஓட்டினா எரர் எதுவும் இல்லை. ஆனா எக்ஸ் திசை ரியாக்‌ஷன் (அடித்தளம் தாங்குற பக்கவாட்டு விசை) மொத்தமே 0.8 கிலோநியூட்டன்தான். கையால போட்டா 37 வருது. இன்னிக்கே முடிக்கணும், யாராவது சொல்லுங்க.

தூண்முனை: எந்த சாஃப்ட்வேர்? ஸ்பான், ஈவ் (கூரை விளிம்பு) உயரம், பே (ஃப்ரேமுக்கு ஃப்ரேம்) இடைவெளி? சிபிஇ, சிபிஐ (வெளி, உள் காற்றழுத்தக் குணகம்) என்ன எடுத்தீங்க? லோடு லோக்கலா (மெம்பரோட சொந்த அச்சு), குளோபலா (மாடலோட பொது அச்சு)?

பர்லின்பிரியன்: ஆட்டோ விண்ட் ஜெனரேட்டராத்தான் இருக்கும். பேனல் சரியா மூடலைன்னா சுவர் லோடையே விட்டுடும். அதை எடுத்துட்டு கையால போடுங்க.

போர்ட்டல்6: ஜெனரேட்டர் இல்லை, கையாலதான் போட்டேன். ஸ்டாட் ப்ரோ, 2டி ஃப்ரேம். ஸ்பான் 18 மீ, ஈவ் 7 மீ, சாய்வு 10-க்கு 1, பே 6 மீ, நீளம் 42 மீ. பிடி (டிசைன் காற்றழுத்தம்) சதுர மீட்டருக்கு 1.0 கிலோநியூட்டன், சிபிஐ +0.2. காற்று இடமிருந்து. மீட்டருக்குக் கிலோநியூட்டன்ல இடது தூண் −3.0, வலது தூண் −2.7, ராஃப்டர் (சாய்வான கூரை மெம்பர்) இடது +6.84, வலது +3.6. எல்லாம் லோக்கல் ஒய். மேல்நோக்கி மொத்தம் 94 சரியா வருது.

மூத்தகட்டுமானி: ஆக்சிஸ் பார்க்காம லோடு போடக் கூடாதுன்னு இங்க எத்தனை தடவை எழுதறது? அடிப்படையைப் படிச்சுட்டு வாங்க. ஒரு ராஃப்டரை ரிட்ஜிலிருந்து (கூரை உச்சி) வரைஞ்சிருப்பீங்க, அது தலைகீழா நிக்குது.

தூண்முனை: ராஃப்டர் இல்லை சார். ஒய் மேல்நோக்கின மாடல்ல பீட்டா (மெம்பரைச் சுழற்றுற கோணம்) பூஜ்யம்னா, சாய்வு மெம்பரை எந்தப் பக்கமிருந்து வரைஞ்சாலும் லோக்கல் ஒய் மேலேதான் பார்க்கும். 94 சரியா வர்றதே அதுக்குச் சாட்சி.

தூண்தான் மாறும். கீழிருந்து மேலே வரைஞ்சா லோக்கல் ஒய் மைனஸ் எக்ஸ் பக்கம், மேலிருந்து கீழே வரைஞ்சா பிளஸ் எக்ஸ் பக்கம். வலது தூண் அப்படி இருந்தா 2.7 எதிர்ப்பக்கம் தள்ளும்: (3.0 − 2.7) × 7 = 2.1. கூரைச் சாய்வால (ரிட்ஜ் ஏற்றம் 0.9 மீ) வர்றது (3.6 − 6.84) × 0.9 = −2.9. கூட்டினா −0.8, உங்க எண்ணேதான்.

இன்சிடென்ஸை (மெம்பர் வரைஞ்ச திசை) திருப்பாதீங்க, ஸ்டார்ட், எண்ட் மாறினா ரிலீஸும் (முனையில கொடுத்த மூட்டுத் தளர்வு) இடம் மாறிடும். தூண் லோடை ஜிஎக்ஸ்ல (குளோபல் எக்ஸ்) +3.0, +2.7-ன்னு கொடுங்க. ராஃப்டர் லோக்கல் ஒய்லயே இருக்கட்டும், அழுத்தம் பரப்புக்குச் செங்குத்து.

பர்லின்பிரியன்: பிடி 1.0 எப்படி வந்துச்சு? காற்று லோடுக்கான இந்தியக் கோட் ஐஎஸ் 875 பாகம் 3, 2015-ல கேடி (திசைக் காரணி) 0.9, கேஏ (பரப்புக் காரணி) 0.8, கேசி (சேர்க்கைக் காரணி) 0.9. பெருக்கினா பிஇசட்ல (இந்தக் காரணிகளுக்கு முந்தைய காற்றழுத்தம்) 0.648 மடங்குதான்.

மூத்தகட்டுமானி: பிடி 0.7 பிஇசட்டுக்குக் கீழே போகக் கூடாதுன்னு அதே கோட் சொல்லுது. 0.648 செல்லாது.

பர்லின்பிரியன்: ஃப்ரேமுக்குச் சரி. பர்லினுக்கு (கூரைத் தகட்டைத் தாங்குற குறுக்குச் சட்டம்) கேஏ 0.8 எடுக்கறவங்களைத்தான் சொல்றேன். பரப்பு 10 சதுர மீட்டருக்குள்ள இருந்தா 1.0.

மூத்தகட்டுமானி: அதை யாரும் மறுக்கலையே. கேள்வி ஃப்ரேமைப் பத்தினது.

போர்ட்டல்6: வலது தூண் மேலிருந்து கீழே இருந்துச்சு. ஜிஎக்ஸ் போட்டதும் 37.0. நன்றி சார்.

தூண்முனை: சிபிஐ −0.2 கேஸையும் ஓட்டுங்க. பக்கவாட்டு மொத்தம் அதே 37.0-தான் வரணும், மேல்நோக்கி 50.8. 37 மாறினா இன்னும் எங்கேயோ குறி தப்பு. ஆங்கர் போல்ட்டுக்கு 0.9 டெட் (நிலையான எடை) + 1.5 காற்று, அதுல +0.2 கேஸ்.