புதுப்பிப்பு: 'அனிகட்' எங்கட சொல்தான்

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்ப் பக்கத்து நீர்ப்பாசன வரைபடமொன்றில் கண்ட 'அனிகட்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலத்தை முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. விடை கிடைத்துவிட்டது: அது 'அணைக்கட்டு'.

இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்காக 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதியே தமிழ் மூலத்தைச் சொல்லி, சென்னை மாகாண நீர்ப்பாசனத்தில் வழங்கும் சொல் என்கிறது. கல்லணையை ஆங்கிலேயர் 'கிராண்ட் அனிகட்' என்றார்கள். ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆர்தர் கொட்டன் 1836இல் கொள்ளிடத்தில் கட்டிய மேலணை 'அப்பர் அனிகட்' ஆனது. கட்டுமானக் கலையோடு பெயரும் சேர்ந்தே ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. எனக்கு இதில் பெரிய சந்தோசம்.

குளக்கட்டும் அனிகட்டும் ஒன்றா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இல்லை. கந்தளாய்க் குளத்தின் கட்டு தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. அனிகட் ஆற்றுக்குக் குறுக்கே நின்று நீர்மட்டத்தை உயர்த்தி, வாய்க்காலுக்குத் திருப்பிவிடும்; மிச்சம் அதன் மேலாலேயே வழிந்து ஓடும். இலங்கைப் பொறியியலாளர்கள் இன்றும் இந்த வேறுபாட்டோடுதான் எழுதுகிறார்கள்.

இப்படி ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் அணைக்கு மூதூர், வெருகல் பக்கத்துக் கமக்காரர் வாயில் எந்தச் சொல் வருகிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கோ.