20 அடி பைப்பில் சிறிய காற்றாலை ஆடுகிறது, உதவி வேண்டும்

கேள்வி:
உடுமலைப்பேட்டை பக்கம் எங்கள் தோட்டத்தில் நானே செய்த காற்றாலை. பி.வி.சி. குழாயில் வெட்டிய மூன்று இறக்கை, விட்டம் 1.5 மீட்டர், காந்த ஜெனரேட்டர். 2 அங்குல ஜி.ஐ. பைப்பை காங்கிரீட்டில் நட்டு 20 அடி உயரத்தில் ஏற்றியிருக்கிறேன். ஸ்டே கம்பி (கம்பத்தைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் கம்பி) கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலுத்தால் உச்சி பயங்கரமாக ஆடுகிறது. ஆடி பிறப்பதற்குள் சரிசெய்ய வேண்டும். காங்கிரீட்டைப் பெரிதாக்கினால் போதுமா?

பதில்:
போதாதுங்க. வளைவது பைப்தான். உங்கள் இறக்கை சுற்றும் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். நொடிக்கு 12 மீட்டர் காற்றில் கிட்டத்தட்ட 14 கிலோ பாரம் அளவுக்கு உச்சியைப் பக்கவாட்டில் தள்ளும். காற்று வேகம் இரட்டித்தால் தள்ளுவது நான்கு மடங்கு. அதைத் தனிப் பைப் தாங்காது.

நான்கு பக்கமும் ஸ்டே கட்டுங்கள். ஜெனரேட்டருக்கு ஒரு மீட்டர் கீழே கட்டினால் இறக்கை நுனி கம்பியில் படாது. தரையில் கம்பத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி நங்கூரம் (கம்பியின் கீழ்முனையைத் தரையில் பிடிக்கும் பிடிமானம்), இடம் இருந்தால் 13 அடி. கம்பி முனையில் திம்பிள் (மடக்கிய கம்பி தேயாமல் காக்கும் உலோக வளையம்), மடக்கிய கம்பியைச் சேர்த்து இறுக்க மூன்று யு கிளாம்ப். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: வளைந்த யு போல்ட், மடக்கிவிட்ட குட்டை நுனி மேல் அழுத்த வேண்டும், பாரம் தாங்கும் கம்பி மேல் கிளாம்பின் கட்டைப் பகுதி (யு போல்ட்டின் இரு முனையும் நுழையும் துண்டு) உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் கம்பியே நசுங்கும். டர்ன்பக்கிளை (ஸ்டே கம்பியை இறுக்கும் திருகு) முறுக்கியபின் அதன் ஊடே கம்பி கோத்துக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதிர்வில் கழன்றுவிடும்.

கேட்டவர்:
நன்றிங்க அண்ணா. காற்று மிதமாக இருக்கும்போதும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பைப் உறுமுகிறது. அதுவும் ஸ்டே இல்லாததாலா?

இன்னொருவர்:
அது பெரும்பாலும் இறக்கை எடைக் கோளாறு தம்பி. ஸ்டே மட்டும் கட்டினால் போகாது. காற்றில்லாத நேரத்தில் கையால் மெல்லச் சுற்றி விடுங்கள். ஒரே இறக்கை திரும்பத் திரும்பக் கீழே வந்து நின்றால் அது கனம். மற்ற இரண்டில் எடை சேர்த்துச் சமன் செய்யுங்கள்.

ஆனால் ஏணி வைத்து ஏறாதீர்கள். பைப்பை அடியில் அறுத்து, வெல்டிங் பட்டறையில் கீல் வைத்த அடித்தகடு செய்து வாங்குங்கள், கம்பத்தையே சாய்த்து இறக்கலாம். சாயும் திசைக்கு இடமும் வலமும் உள்ள இரண்டு நங்கூரமும் கீலுக்கு நேர்கோட்டில், அதே மட்டத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் சாய்க்கும்போது ஒரு கம்பி இறுகும், மற்றது தொய்யும்.

கேட்டவர்:
சரிங்க. இறக்கும்போது இறக்கையை எப்படி நிறுத்துவது?

இன்னொருவர்:
பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரெக்டிஃபையருக்கு (ஏ.சி.யை டி.சி.யாக்கும் பகுதி) முன்னால் ஜெனரேட்டரின் மூன்று வயரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். காற்று தணிந்த விடியற்காலையில் மட்டும் செய்யுங்கள். பலத்த காற்றில் அது நிறுத்தாமலும் போகலாம், ஜெனரேட்டரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கருகும். கம்பம் விழக்கூடிய வட்டத்துக்குள் யாரும் நிற்க வேண்டாம், குழந்தைகள் கண்டிப்பாக வேண்டாம்.