புதுப்பிப்பு: பல் மருத்துவமனைக் கழிவுப் பயிற்சி நடந்துவிட்டது

புதிய உதவியாளர்களுக்குக் கழிவு பிரிக்க யார் கற்றுத்தருவது என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி நாங்களே நடத்திவிட்டோம். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பணியில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சி கட்டாயம். பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு, கையுறை சிவப்புக்கு என்பது உடனே பிடிபட்டது. தகராறெல்லாம் பிடுங்கிய பல்லில்தான். அதுவும் மஞ்சள்தான், ஆனால் மஞ்சள் பை எரிக்கப் போகும்; பாதரசம் கலந்த வெள்ளிக் கலவை அடைத்த பல்லை எரித்தால் பாதரசம் ஆவியாகும். அதற்குத் தனி டப்பா வைத்தோம்.

பயன்படுத்திய ஊசியை மூட, குத்திவிடும் என்று தெரிந்தும் இரண்டு கையையும் நீட்டும் பழக்கம் மூத்தவர்களைத்தான் விடவில்லை! மூடியைத் தட்டில் கிடத்தி, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைக்கப் பலமுறை செய்துகாட்ட வேண்டியிருந்தது. ஒருவருக்கு மட்டும், ஊசி குத்தினால் ரத்தம் வழியாகப் பரவக்கூடிய கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசியின் கடைசித் தவணை பாக்கி.