வீட்டிலிருந்து வந்த கணக்கு: வகுப்பறை அனுபவங்களைப் பகிருங்கள்

கரும்பலகை

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் பண்பாட்டுப் பின்புலத்தை வைத்துக் கற்பிப்பது பற்றிப் பயிற்சி வகுப்பில் நாம் எல்லோரும் கேட்டிருப்போம். நான் குறிப்பெல்லாம் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் இது நடந்தது.

மூன்றாம் வகுப்பு. 52-இல் 27 கழிக்க வேண்டும். வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்து இரண்டு மாதமே ஆன பையன், 25 என்று சரியாக எழுதியிருந்தான். ஆனால் 5-ஐ அடித்து 4 ஆக்கவில்லை. மேலே 2-க்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு 1. கீழே 27-இல் இருக்கும் 2-க்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி 1. "கடனே வாங்கலையே, யாரைப் பார்த்து எழுதினே?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்துப் பையன் நோட்டை எட்டிப் பார்த்தால் அதில் 35 என்று இருக்கிறது.

அவன் பதில் பேசவில்லை. ரப்பரை எடுத்து அந்த இரண்டு குட்டி 1-களையும் அழித்தான். அழுத்தி அழித்ததில் தாள் ஓட்டையாகி அடுத்த பக்கத்துக் கோடு தெரிந்தது. விடையை மட்டும் அழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மேலே பத்தைக் கூட்டினால் கீழேயும் பத்தைக் கூட்டிவிடு, வித்தியாசம் மாறாது. 12-இல் 7 போனால் 5. 5-இல் 3 போனால் 2. பல நாடுகளில் பள்ளியிலேயே சொல்லித்தரும் முறைதான் இது. அந்த ஓட்டை விழுந்த தாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

மழலைவகுப்பு

எனக்கு அது அட்டைகளில் நடந்தது. விதை, முளை, செடி, பூ. வரிசையாக அடுக்கச் சொன்னேன். ஒரு குழந்தை பூவை இடது ஓரத்திலும் விதையை வலது ஓரத்திலும் வைத்தாள். "தலைகீழா வச்சிருக்கியேம்மா" என்று நானே மாற்றி அடுக்கினேன். அப்புறம் கதை சொல்லச் சொன்னால், விரலை வலது ஓரத்தில் வைத்தாள். அங்கே இப்போது பூ இருக்கிறது. "முதல்ல..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

அவர்கள் வீட்டில் வாசிப்பது அரபு எழுத்து, வலமிருந்து இடம். அக்கா வாசிப்பதைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள். எது முதலில், எது பிறகு என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். பதிவேட்டில் "வரிசைப்படுத்தத் தெரியவில்லை" என்று நான் எழுதியதை அடுத்த வாரம்தான் திருத்தினேன்.

நேர்கோடு

கரும்பலகை சார், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இரண்டு பேரும் பாதியைத்தான் சொல்கிறீர்கள்.

என்னிடம் ஒரு மாணவி இருந்தாள். மூன்றரையை 3,5 என்று எழுதுவாள். ஐரோப்பாவில் பல நாடுகளில் தசமப் புள்ளி இருக்கும் இடத்தில் காற்புள்ளிதான் போடுகிறார்கள். எனக்கு அது தெரியும், அதனால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். ஆண்டுத் தேர்வில் திருத்தியவர் வேறொருவர். வரிசையாகத் தப்பு போட்டுவிட்டார். தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றாள். "நீங்க சரின்னு சொன்னீங்களே சார்."

வீட்டு முறையை மதிக்கிறேன் என்று பொது முறையைச் சொல்லித்தராமல் விட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவர் வீட்டு முறையையும் தேடிப்போக யாருக்கு நேரம் இருக்கிறது? பாடத்தைத் தெளிவாக நடத்துங்கள், அதுவே பெரிய மரியாதை.

ஜன்னலோரம்

நான் ஆசிரியை இல்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவள்.

ஏழாம் வகுப்பில் டீச்சர் என்னை எழுப்பி, "உங்க ஆட்களோட பண்பாட்டைப் பத்தி எல்லாருக்கும் சொல்லும்மா" என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் நான் பிறந்ததே அந்தப் பள்ளி இருந்த ஊரில்தான். அம்மா அப்பா விட்டுவந்த ஊரை நான் பார்த்ததுகூட இல்லை. முப்பது முகங்கள் திரும்பியிருந்தன. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், நிலா வளர ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் யாரும் முடி வெட்ட மாட்டார்கள் என்று. முழுப் பொய். வகுப்பே கைதட்டியது. டீச்சர் அதைச் சார்ட்டில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டு ஒட்டிவிட்டார்.

அந்த ஆண்டு முழுக்க அது சுவரில் இருந்தது. அம்மா பள்ளிக்கு வரும் நாட்களில் நான் அந்தச் சுவரை மறைத்துக்கொண்டு நிற்பேன்.

சாக்பீஸ்

ஜன்னலோரம், அந்தச் சார்ட்டை நினைத்தால் மனசு கனக்கிறது. நானும் பல பிள்ளைகளை அப்படி எழுப்பிவிட்டிருக்கிறேன். ஒருவன் அழுதே விட்டான். அன்றோடு நிறுத்தினேன். என் கதை அவ்வளவுதான்.

நேர்கோடு சாருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் சிறுவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. தேங்காய் ஒன்று 35 குருசேரோ (அப்போதைய பிரேசில் பணம்), பத்து எவ்வளவு என்று 12 வயதுப் பையனிடம் கேட்கிறார்கள். மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டே போய் 350 என்கிறான். பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் சேர்த்தால் போதும் என்ற பள்ளிப் பாடத்தை அவன் தொடவே இல்லை. விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் அந்தச் சிறுவர்கள் சுமார் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அவர்களிடமே வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானது 37 சதவீதம்தான். கணக்கு தெரியாத பிள்ளை என்று நாம் எழுதிவைத்திருப்போம், இல்லையா?

பொது முறை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை சார். பண்பாட்டுப் பின்புலத்தை வைத்துக் கற்பிப்பதை 1995-இல் கோட்பாடாக எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் வைத்த மூன்று அளவுகோல்களில் முதலாவதே, பிள்ளை படிப்பில் தேற வேண்டும் என்பதுதான். தன் பண்பாட்டை இழக்காமல் இருப்பதும், சமூகத்தைக் கேள்வி கேட்கப் பழகுவதும் மற்ற இரண்டு. உங்கள் மாணவியிடம் "உன் காற்புள்ளி சரி, இங்கே தேர்வில் புள்ளி வை, இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நீங்கள் பரவாயில்லை என்று விட்டதில் அந்த ஒரு நிமிடம்தான் விடுபட்டது.

நேரம் இல்லை என்கிறீர்கள். அமெரிக்காவில் லூயிஸ் மோல் என்ற கல்வி ஆய்வாளரின் குழுவினர் ஆசிரியர்களையே மாணவர் வீடுகளுக்கு அனுப்பினார்கள், அங்கே கற்றுக்கொள்வதற்காக. நாற்பது வீட்டுக்கும் போக முடியாது, சரி. ஆண்டுக்கு நாலு வீட்டுக்குப் போங்கள். புகார் சொல்லப் போகாதீர்கள். அந்த வீட்டில் யார் என்ன வேலை தெரிந்தவர் என்று கேளுங்கள். வகுப்பில் எழுப்பி நிறுத்தாதீர்கள். நோட்டில் புரியாத கோடு இருந்தால், தப்பு போடுவதற்கு முன்னால் "இதை எப்படிப் போட்டே?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள்.

தளிரிலை

அந்தக் கேள்வியையும் பார்த்துக் கேட்க வேண்டும். நான் ஒரு இலையைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்றேன். ஒரு பிள்ளை கவலையோடு, "உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்றது. அவர்கள் வீட்டில் தெரிந்ததை யாரும் கேட்பதில்லை. "இது எது மாதிரி இருக்கு?" என்று மாற்றிக் கேட்டேன். "தூங்கற மீன்" என்றது. ஆறு வாரமாக வாயே திறக்காத பிள்ளை.

கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. சாக்பீஸ் சொன்ன கேள்வியை நான் கேட்டேன், ஆனால் பிந்திவிட்டேன். தேர்வெல்லாம் முடிந்த பிறகு அவனைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, "அந்தப் பழைய முறையைப் போட்டுக் காட்டுப்பா, எல்லாருக்கும் சொல்லித்தரலாம்" என்று சாக்பீஸை நீட்டினேன். வாங்கி, 52, 27 இரண்டையும் அழகாக எழுதினான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு 5-ஐ அடித்து 4 ஆக்கினான்.

"அது மறந்துபோச்சு சார்" என்றான்.